ஐந்து ரூபாய்க் குற்றி

பொழுதுபட்டால் கோழிக்குக் கண் தெரியாது.
எனக்கும் தெரியாது.
ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில்
மூன்றாம் ஆண்டிலேயே பெயர் விழுந்துவிட்டது:
கோழிக்கண்ணி.
மீனெண்ணெய்க் குளிசை, முருங்கையிலை, பப்பாசிப்பழம்,
முறிகண்டிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய்.
தேங்காய்கள் உடைந்தது நல்ல சத்தம்.

இருபதில்
புட்டுக்குழலுக்குள்ளால் பார்க்கிற மாதிரி உலகம்.
வட்டத்துக்குள் வந்தவர் இருந்தார்,
வராதவர் இல்லை.
நகுலேசன் நேரே முன்னால் வந்து நின்றபடியால்
அவரைக் கட்டினேன்.
சிரிக்க வேண்டாம்,
பக்கவாட்டில் வந்த இரண்டு பேரை
நான் கண்டதேயில்லை.

பிறகு குழல் சிறுத்தது.
பப்பாசித் தண்டு. பேனைக் கூடு.
கடைசியில் ஊசிக்காது.
அந்தத் துவாரத்துக்குக் கண் என்று வைக்காமல்
காது என்று பெயர் வைத்தவர்
எங்கள் வீட்டுப் பக்கம் எப்போதோ
வந்து போயிருக்க வேண்டும்.

பங்கருக்குள் இருந்த மாதங்களில்
எல்லாரும் கோழி.
குப்பிவிளக்கையும் ஊதி அணைத்த பிறகு
"யோகா, தண்ணிப் போத்தல் எங்கை?"
"யோகா, இது ஆற்றை கால்?"
சனம் முதன்முதலாய் வழி கேட்டது என்னட்டை.
விடிந்து வெளியே ஏறினால்
மறுபடி நான் மட்டும்.

திரும்பி வந்த வருசம்
கிணற்றுப் பாதையின் இடப்பக்கம் நெடுக
சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.
மண்டையோடு கீறிய பலகையும் இருந்ததாம்.
பலகையை வைத்து நான் என்ன செய்ய?
நாடா காற்றுக்குப் படபடக்கும்.
அந்தப் படபடப்பை இடது காதில் வைத்துக்கொண்டு
நாற்பத்தேழு அடி நடந்தால் கிணறு.
மூன்று வருசம். ஒரு வாளி சிந்தவில்லை.

கண்ணிவெடி எடுத்து முடித்து
நாடாவையும் சுருட்டிக்கொண்டு போன அன்று
சந்தோசத்தில் ஆரோ பட்டாசு கொளுத்தினார்கள்.
ஆபத்தே இல்லாத அந்தப் பாதையில்
முதன்முறையாக நான் வழி தவறி
முள்ளுக்கம்பியில் சேலை கிழிந்து நின்றேன்.
நகுலேசன் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் வேலி நெடுக
சொப்பிங் பைகள் கட்டியிருந்தார்.
காற்றடிக்கத் தெரிந்தது.

இப்போது நாற்பத்துமூன்று.
யன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிச்சம்.
சீனி வருத்தத்தில் பார்வை மங்கிய சின்னராசா மாஸ்டர்
எழுபத்திரண்டு வயதில் வந்து கேட்கிறார்:
தேத்தண்ணி நிறைந்தது உனக்கு எப்படிப் பிள்ளை தெரியும்?
சத்தம் மெலியும், மாஸ்டர்.
வழிந்து சுட்டாலும் தெரியும்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது:
பிள்ளைக்கு வரலாம். வராமலும் விடலாம்.

அக்சயனுக்கு எட்டு வயது.
பின்னேரங்களில்
மின்குமிழ் போடுவதற்குச் சற்று முன்னால்
ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைக் கைதவறியது போல விடுவேன்.
"அப்பன், காசு விழுந்திட்டுது, எடுத்துத் தா."
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்:
நேரே போய்க் குனிகிறானா,
உள்ளங்கை நிலத்தைத் தடவுகிறதா.

இருநூற்றுப் பதினொரு பின்னேரம்.
எல்லாம் நேரே போய்க் குனிந்தவை.

நேற்று
குற்றி உருண்டு அலுமாரிப் பக்கம் போய்
சுழன்று சுழன்று படுத்தது.
அவன் அசையவில்லை.
"அம்மா, நீங்கள் வேணுமெண்டுதான் போடுறியள்."
எனக்கு நாக்கு ஒட்டிவிட்டது.
பிறகு அடி கேட்டது. ஒன்று, இரண்டு.
நின்றது.
சிமெந்தில்
உள்ளங்கை.
சரசரவென்று, நெடுநேரம்.

குற்றியை என் கையில் வைத்தான்.
விரலெல்லாம் தூசு.
"கண்ணை மூடிக்கொண்டு எடுத்தனான்,
உங்களை மாதிரி."

இருநூற்றுப் பன்னிரண்டாவதை
எந்தக் கணக்கில் எழுத?