நடு பேரிங்

மூணு மணிக்கு எழும்பி,
பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கும்
இருநூற்றெழுபது மரமும் வெட்டி,
பாலெடுத்து டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்துவிட்டு,
ஒன்பதரைக்குக் குலசேகரம் வந்து ஷட்டர் தூக்குவேன்.
இரண்டு வேலை, ஒரே கை.

பேக்கரிக்கார லாலியின் அம்பாசடர்.
எழுபத்தெட்டு மாடல்.
அறுக்கப் போட்ட கிடா மாதிரி
பிளாக் மல்லாந்து கிடந்தது பெஞ்சில்.
ஆயில் போகிற துளை ஒவ்வொன்றிலும்
சைக்கிள் கம்பி விட்டு, மண்ணெண்ணெய் விட்டு,
காற்றடித்து,
மறுபக்கம் விரல் வைத்து வருகிறதா என்று பார்த்தேன்.
வந்தது. கறுப்பாக, பிறகு பழுப்பாக,
பிறகு வெறும் காற்று.

பேரிங் ஷெல்லைப் பாதி நிலா என்று
யாராவது எழுதக்கூடும்.
எனக்கு அது ஷெல்தான்.
நாக்கு பள்ளத்தில் உட்கார வேண்டும்,
துளைக்குத் துளை நேர் நிற்க வேண்டும்.

கிராங்க் வெட்டூர்ணிமடத்திலிருந்து வந்தது,
தாசையன் இருபது தௌ அரைத்து,
கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிவிட்டது.
குளிப்பாட்டி, ஆயில் தடவி,
இரண்டு கையாலும் தாழ்த்தி வைத்தேன்.
த்ரஸ்ட் வாஷர் நாலும் பள்ளம் வெளியே பார்க்க.
கேப்பில் புள்ளிக்குறி: ஒன்று, இரண்டு, மூன்று.

முதல் கேப். எழுபத்தைந்து பவுண்டு. சுற்றினேன்.
வெண்ணெய்.
மூன்றாவது. வெண்ணெய்.
நடுவிலுள்ளது:
ரெஞ்ச் 'கிளிக்' என்றதும்
உள்ளே யாரோ கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தாசையனுக்கு போன் போட்டேன்.
"ஓய், நடு ஜர்னல எத்தனைக்கு அரைச்சீரு?
கண்ணுல பீளையா?"
"மைக்ரோமீட்டர் வச்சுப் பாரும் ஓய்."
அவருடைய மைக்ரோமீட்டரைப் பற்றிச் சொன்னேன்,
மெஷினைப் பற்றிச் சொன்னேன்,
சொல்லத் தேவையில்லாத ஒன்றும் சொன்னேன்:
களியல் இறக்கத்தில் கிராங்க் முறிந்த
அந்த மகேந்திரா ஜீப்பைப் பற்றி.
அது அவர் தப்பில்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
அந்தப் பக்கம் லேத் ஓசை நின்றது.
பிறகு போனும்.

மைக்ரோமீட்டர் வைத்தேன். மூன்று முறை.
மூன்று முறையும் அவர் சொன்ன அளவு.

மறுபடி எல்லாம் கழற்றினேன்.
நடு ஷெல்லின் வயிற்றில் நகக்கண் அளவு
ஒரு பளபளப்பு.
கவிழ்த்தால், முதுகில்
ஒரு நூல்.
இழுத்தால் நீண்டது. விட்டால் சுருங்கியது.
முகர்ந்தேன். புளித்த வாடை.
ஒட்டுப்பால்.
விடியற்காலம் என் முழங்கையில் காய்ந்து
பத்து மணிக்கு இங்கே விழுந்தது.
மரம் அழுத கண்ணீர் என்று சொல்லித் தப்பிக்கலாம்.
மரம் ஒன்றும் செய்யவில்லை.
நான் கை கழுவவில்லை.

கிராங்குக்கும் ஷெல்லுக்கும் நடுவே
இருக்க வேண்டிய இடம் ஒன்றரை தௌ.
தலைமுடியொன்றைப் பிளந்தால் பாதி.
அந்தப் பாதிக்குள் ஆயில் புகுந்து
மொத்த இரும்பையும் தூக்கிப் பிடிக்கிறது.
ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிரே
எண்பதில் போனாலும்
இரும்பு இரும்பைத் தொடுவதில்லை.

சோப்புப் போட்டேன். பெட்ரோல் போட்டேன்.
மறுபடி சோப்பு, முழங்கை வரை.
ஷெல், ஆயில், கேப், கிளிக்.
ஒரு விரல் வைத்தேன்.
போயிற்று,
நான் விரலை எடுத்த பிறகும் கொஞ்சம்.

மூன்றாம் முறைதான் தாசையன் எடுத்தார்.
பேசவில்லை. லேத் மட்டும் ஓடியது.
"சுத்துது ஓய்."
"என்னவாம்?"
"ஒட்டுப்பாலு. எனக்க கையில இருந்து."
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
அவர் கேட்டது சரியாகக் காதில் விழாத மாதிரி
இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.
"அப்போ அந்த ஜீப்பு?"

நான் கிராங்கை
இன்னும் ஒரு சுற்று சுற்றினேன்.