கோரம்

வினிபெக்கில் அன்றிரவு சய முப்பத்தொரு பாகை.
கேர்லிங் கிளப்பின் பின்னறையில்
மாகாணக் கரம் சம்மேளனத்தின்
வருடாந்தப் பொதுக்கூட்டம்.
சுவருக்கு அப்பால் கருங்கற்கள்
பனியில் வழுக்கி வழுக்கி முட்டுகிற ஓசை.

வந்தவர் பத்துப் பேர்.
யாப்பின்படி பதினொருவர் வேண்டும்.
யாப்பை மீறினால் கவிதைக்கு ஆகும்,
சம்மேளனத்துக்கு ஆகாது.
கரத்துக்கும் கோரத்துக்கும் நடுவில்
ஓர் இரட்டைக்கொம்பும் ஓர் அரவும்தான்;
அதைத் தாண்ட முடியாமல்
நான்கு வருடமாக ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை.

மேசையில் சர்வதேசச் சபையின் கடிதம்:
நள்ளிரவுக்குள் இணைப்புத் தீர்மானம் வராவிட்டால்
இந்த மாகாணத்தில் கரம் என்ற ஒன்று
அவர்களைப் பொறுத்தவரை இல்லை.
(மேப்பிள்ஸ் பகுதியில் மட்டும்
பதினேழு பலகைகளை நான் எண்ணியிருக்கிறேன்.)

தர்மினி இந்நேரம் முதியோர் இல்லத்தில்
இரவுப் பணியில் நிற்கிறாள்.
இடக்கையால் அடிப்பவள். சிவப்பை விழுத்தி
அடுத்த அடியிலேயே கவர் போடுகிறவள்.
உலகப் போட்டிக்குப் போக அவளுக்குத் தேவை
ஒரு கடிதம், ஒரு முத்திரை, என் கையெழுத்து.
தொலைபேசி மேசையில் நடுங்கியது:
"அக்கா, ஓமோ இல்லையோ?"

தலைவர் அற்புதராசா கதவைப் பார்த்தார்.
பொருளாளர் வடைத் தட்டைப் பார்த்தார்.
"கேர்லிங் ஆக்களில ஒராளைக் கேப்பமோ?"
"காசு கட்டித் தொண்ணூறு நாள் ஆகவேணும். பிரிவு ஆறு."
பிரிவு ஆறை எழுதியவள் நான்தான்.

அப்போது கதவு திறந்தது.
முதலில் குளிர் வந்தது, பிறகு கனகேந்திரன்.

எதிர்ச் சம்மேளனத்தின் தலைவர்.
ஐந்து வருடத்துக்கு முன்
ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராமா பதினாறா என்ற தர்க்கத்தில்
பவுடர் டப்பாவை எறிந்துவிட்டுப் போனவர்.
போனவர் தனியாக லெட்டர்ஹெட் அடித்தார்.
அதில் எங்களுடையதைவிடப் பெரிய மேப்பிள் இலை.

"கார் பற்றரி செத்துப்போச்சு," என்றார்
ஒருவரையும் பார்க்காமல். மீசையில் உறைபனி.
"ஆரிட்டையாவது ஜம்பர் வயர் இருக்கோ?"

நான் யாப்பைப் புரட்டினேன்.
பிரிவு பதினான்கு: ஆயுள் அங்கத்தவரைப்
பொதுக்கூட்டத் தீர்மானத்தால் மட்டுமே நீக்கலாம்.
கனகேந்திரனை நீக்க நான்கு முறை கூடினோம்.
நான்கு முறையும் கோரம் இல்லை.

"அண்ணை, இருங்கோ," என்றேன்.
"வயர் இருக்கு. முதல் இருங்கோ."

இருந்தார். பதினொன்று.

இலக்கம் ஐந்து, சர்வதேசச் சபையுடன் இணைதல்.
எட்டுக் கை எழுந்தது. இரண்டு எழவில்லை.
கனகேந்திரன் கையுறையைக் கழற்ற யோசித்து
உறையோடே தூக்கினார்.
"தர்மினிக்குத்தான்," என்றார். "உங்களுக்கில்லை."

பதினொன்று நாற்பதுக்கு மின்னஞ்சல் போனது.
அங்கே எந்த ஊரில், யார் அதைத் திறப்பார்,
திறக்க அவர்களுக்குக் கோரம் இருக்குமா,
தெரியாது.

பிறகு தலைவர் கண்ணாடியை ஏற்றி
நிரலின் அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கி
நிறுத்தினார்.
இலக்கம் ஆறு: திரு. கனகேந்திரனை நீக்குதல்.
வருடா வருடம் நான் பிரதிபண்ணி வரும் வரி.
அவர் எழும்பிப் போனால் நீக்க முடியாது.
இருந்தால் நீக்கலாம்.
அது அவருக்கும் விளங்கிவிட்டது.
வடையை மெல்வதை நிறுத்தினார். எழும்பவில்லை.
"வாசியுங்கோவன்," என்றார்.

கூட்ட அறிக்கையில் நான் எழுதியது:
இலக்கம் ஆறு, வாகனத் தரிப்பிடத்தில் ஏற்பட்ட
அவசர நிலை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே மூக்குமயிர் உறைகிற காற்று.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
திறந்த பொனற்றுக்கு அடியிலிருந்து
"பதினாறு," என்றார் கனகேந்திரன்.
நான் சாவியைத் திருப்பினேன்.

பிறகு தர்மினிக்குத் தட்டினேன்.
விரல் விறைத்ததில்
இரண்டு தரம் போய்விட்டது:
ஓம். ஓம்.