சேத விவரம்

முதலில் யூரியா மூட்டைகளை வெளியேற்றினோம்.
பிறகு அவற்றின் வாடையை.
அதற்கு மூன்று வாரம் ஆனது.

அரவேணுவில், வீட்டுக்குப் பின்னால்,
சரிவு தொடங்க ஒரு முழம் இருக்கையில்
பத்துக்கு எட்டு தகரக் கொட்டகை.
"இதில் என்ன செய்யப் போகிறாய்?"
கேரட் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே
கேட்டான் ஆரோன்.
நோட்டு தைப்பேன் என்றேன்.
"கடையில் கிடைக்காத நோட்டா?"
கேட்டவன்தான் ஞாயிற்றுக்கிழமை
கூரை ஏறி ஓட்டைகளில் தார் பூசினான்.

இந்த ஊரில் காகிதம் குடிக்கும்.
ஜூலை வந்தால் அட்டை
எண்ணெயில் விழுந்த அப்பளமாய் நெளியும்.
அதனால் தாள் தட்டின் அடியில்
இரவும் பகலும் ஒரு நாற்பது வாட் பல்பு,
கோழிக்குஞ்சுக்குப் போடுவார்களே, அதுபோல.
பக்கத்து வீட்டு ராமி கொடுத்த
தேயிலைப் பெட்டிப் பலகைகள்தாம் அலமாரி.
எந்த நோட்டை முகர்ந்தாலும்
கொஞ்சம் டீத்தூள் அடிக்கும்.
வாங்குகிறவர்கள் அதை
நான் வேண்டுமென்றே செய்ததாக நினைக்கிறார்கள்.
நினைக்கட்டும்.

நூலுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில்கள்.
பொத்தானுக்கு ஊறுகாய்ப் பாட்டில்கள்,
நிறத்துக்கு ஒன்று; வெள்ளைக்கு மட்டும் இரண்டு,
ஏனென்றால் வெள்ளையில் ஒரே வெள்ளை இல்லை.
சுவரில் ஒரு பலகை.
கத்தரி, அளவுகோல், சுத்தி,
மடிப்பு நீவும் கொம்புச் சீப்பு,
ஒவ்வொன்றையும் அதில் கிடத்தி
மார்க்கரால் சுற்றி வரைந்து ஆணி அடித்தேன்.
இனி எது எங்கே என்று தேட வேண்டாம்.
எடுத்துப் போனாலும்
இல்லாதது அதன் வடிவிலேயே அங்கே இருக்கும்.

ஜூனிலிருந்து குத்தூசி அப்படித்தான் இருந்தது.
கோத்தகிரி சந்தையில் வேறு வாங்கினேன்,
பச்சைப் பிடி, குட்டை.
பழைய கோட்டுக்குள் அது
அண்ணன் சட்டை போட்ட தம்பி.

அந்தச் சனிக்கிழமை
ஆரோன் மேட்டுப்பாளையம் இறங்கியிருந்தான்.
மைதா காய்ச்சி ஆறட்டும் என்று
வாளியைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.
பூஞ்சைக்குப் போடும் மயில்துத்தத்தை
காலையில் கலக்கலாம் என்றிருந்தேன்.
நல்லவேளை.

கரடிக்கு மைதாப் பசை பிடிக்கும் என்று
எனக்குத் தெரியாது.
கரடிக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

தகரக் கதவு பிஸ்கட் டப்பா மூடிபோல் மடங்கிக் கிடந்தது.
வனத்துறையிலிருந்து நஞ்சுண்டன் வந்தான்,
படிவமும் பேனாவுமாக.
"கால்நடை?"
இல்லை.
"பயிர்?"
இல்லை.
"கட்டடம்... இது கட்டடமா அக்கா?"
தாள், நூற்றிருபது ஜிஎஸ்எம், இரண்டு ரீம் என்றேன்.
'பேப்பர்' என்று எழுதினான்.
தைத்து முடித்தவை பதினொன்று,
முதுகு ஒட்டாதவை ஆறு.
'பேப்பர்' என்பதற்கு மேலேயே இன்னொரு முறை எழுதினான்.
பசை, ஒரு வாளி.
பேனா நின்றது.
"இதைச் சேதம் என்று போடவா,
சாப்பாடு என்று போடவா?"

அவன் போனபின்
மேசையை நிமிர்த்தினேன்.
அது நின்ற இடத்தில், இரண்டு பலகைகளின் இடுக்கில்,
பழைய குத்தூசி.
இத்தனை மாதம் என் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி.
அதை அதன் கோட்டுக்குள் மாட்டிவிட்டு
பச்சைக்குப் பக்கத்தில் தனிக்கோடு வரைந்தேன்.

பொத்தான்களைப் பிரிக்க உட்கார்ந்தேன்.
மஞ்சள் முடித்து சிவப்பில் பாதி போகையில்
மஞ்சு ஏறி, மஞ்சளே தெரியவில்லை.
எல்லாவற்றையும் அள்ளி
நக்கிக் காய்ந்த அந்த வாளியிலேயே கொட்டினேன்.
இன்னும் அதில்தான் இருக்கின்றன.

சாம்பல் அட்டை ஒன்றில்
பசையில் பதிந்து இறுகிய ஒரு பாதம்.
ஐந்து விரல், நகம் இழுத்த கீறல் உட்பட.
"விற்றால் போகும்" என்றான் ஆரோன்.
கத்தரிக்கும் சுத்திக்கும் நடுவே மாட்டினேன்.
மார்க்கர் தேவைப்படவில்லை.

புது வாளிக்கு மூடி உண்டு.
இரவில் அது சமையலறையில்,
மூடிமேல் ஒரு அம்மிக்குழவி.
கரடிக்கு அது ஒரு பாரமில்லை, தெரியும்.
தூக்கம் வர எனக்கு அது போதும்.