விளிம்பு பிடிக்கிறது

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம்.
பிளாஸ்மா என்றால் எனக்கு
அரை அங்குல இரும்புத் தகட்டை
வாழைத்தண்டு மாதிரி அரிவது.
பக்கத்தில் நின்றால் புருவம் பொசுங்கும்.

அதே பெயரை
ஆஸ்பத்திரிச் சீட்டில் படித்ததும்
காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

சர்க்கரைக் கால்.
ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர்,
ஷூவுக்குள் ஒரு இரும்புப் பிசிறு.
மூன்று நாள் அதன்மேல் நடந்திருக்கிறேன்.
சாக்ஸில் ரத்தம் பார்த்து
அமுலுதான் கத்தினாள்.
கத்த வேண்டிய கால் சும்மா இருந்தது.

"சுடாது" என்றாள் ஜெஸிந்தா,
மெஷின் பார்க்கிற பெண்.
சுட்டாலும் எனக்குத் தெரியாதே, அம்மா,
அதுதானே வியாதி.
கையில் காட்டச் சொல்லலாம் என்றால்
தீப்பொறி தின்று தின்று
அது எப்போதோ செருப்புத் தோலாகிவிட்டது.

அவள் பதில் பேசவில்லை.
தன் சுண்டுவிரலை நீட்டி
ஊதா நாக்கின் நுனியில் வைத்தாள்.
பத்து எண்ணும்வரை.
நகப்பூச்சுகூடக் கலங்கவில்லை.

பேனா பருமனில் குழாய்.
பின்னால் ஆர்கான் சிலிண்டர்,
எங்கள் ஷெட்டில் நிற்பவனுக்குத் தம்பி.
கறுப்புக் கண்ணாடி இல்லாமல்
தீயை நேருக்கு நேர் பார்த்தது
அன்றைக்குத்தான்.

வாசனை மட்டும் பழையது.
இடி இறங்கிய பிறகு காற்றில் நிற்குமே, அது.
எஸ்டேட்டில் அதற்குப் பயந்து ஜன்னலைத் திறப்போம்.
இங்கே துளியூண்டு,
கிருமியைத் தேடிப் போகிறதாம்
என்னை விட்டுவிட்டு.

நாலாவது வாரம்
மருந்தையும் அதன் பின்னாலேயே அனுப்பினார்கள்.
ஊசி இல்லை.
தோல் கொஞ்ச நேரம் தாழ்ப்பாளைத் தளர்த்துமாம்,
மருந்து நுழைந்ததும் தானே சாத்திக்கொள்ளுமாம்.
நிறைய 'மாம்'.
இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று
கையெழுத்து வாங்கும்போதே சொன்னார் டாக்டர்.

கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாளில்
புண்ணின் ஓரத்தை வரைந்து
எண்ணுகிறாள் ஜெஸிந்தா.
முப்பத்தொன்று.
இருபத்துநாலு.
இருபத்தாறு
(அந்த வாரம் கொரட்டூரில் மச்சான் வீட்டுக் கல்யாணம்,
மூன்று ஜாங்கிரி, அவளிடம் சொல்லவில்லை).
பதினாறு.

கேட்டுக்கு எதிர் டீக்கடையில்
ஏகாம்பரம் கேட்டான்,
"கால் எப்படி இருக்கு?"

"விளிம்பு பிடிச்சிருக்கு."

வெல்டருக்கு வெல்டர்.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
டீயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து
கட்டைப் பார்த்தான்,
ஜாயின்ட் பார்க்கிற மாதிரி
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.