ஏழரை

இரவு ஒன்றே கால்.
ராயக்கோட்டை ரோடு பாலத்துக்கடியில்
மாதேஷின் குட்டியானை.
பின்னால் மாம்பழக்கூழ் டப்பாக்கள், தார்ப்பாய்க்குள்.
முன்னால் இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நாங்கள் நாலு பேர்.
சீட்டுக்கடியில் சப்வூஃபர்.
வண்டித் தவணை தள்ளிப்போகும்,
அதன் தவணை தள்ளிப்போனதில்லை.

பேண்டுக்குப் பேரே ஏழரை.
"பிடிச்சா லேசுல விடாது" என்பான் அயூப்.
ஒரு சுற்றுக்குப் பதினைந்து எண்ண வேண்டும்.
எட்டில் மூச்சு விட்டால் தொலைந்தீர்கள்.
சாக்ஸபோன் அழும், டிரம்ஸ் அதட்டும்,
கீபோர்டு யாரென்று எங்களுக்கு அக்கறையில்லை.
நாங்கள் கூடுவது ஏனோக்குக்காக,
அவன் பேஸ் கிட்டாருக்காக.

"ஃப்ரெட்டையெல்லாம் பிடுங்கிட்டான்யா."
அயூப் கிரானைட்டுக்குப் பாலிஷ் போடுகிறவன்.
"குழியில பசை. மேல எண்பதாம் நம்பர் உப்புத்தாள்,
அப்புறம் நாநூறு. அதான் ஸ்வரம் வழுக்குது."
"வழுக்கல," என்றான் மாதேஷ், "தேடுது.
கரண்ட் போன வீட்டுல தீப்பெட்டி தடவுற மாதிரி.
கிடைச்ச பிறகும் ஒருதரம் தடவுது பாரு, அது."

சென்னகேசவன் பாகலூரில் கணக்கு வாத்தியார்.
"கம்பிதான் காரணம். ஆறு வருசமா மாத்தல.
ஒசூர் கச்சேரி முடிஞ்சதும் நேராவே கேட்டேன்."
"என்ன சொன்னாரு?"
"சாப்பிட்டீங்களான்னாரு."

எனக்குச் சுங்கச்சாவடியில் வேலை, ஆறாம் வரிசை.
ஒரு நள்ளிரவு, கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று வந்து நின்றது.
சாக்ஸபோன் காருக்குள்ளேயே இருந்துகொண்டது.
அவன் மட்டும் கதவைத் தாண்டி, மேசையைத் தாண்டி
என் சில்லறை டப்பாவுக்குள் புகுந்து
ஒற்றை ரூபாய்களைக் குலுக்கினான்.
பின்னால் ஒன்பது லாரிகள் ஹாரனடிக்க
"இது என்ன பாட்டு சார்?" என்று கேட்டேன்.
மெமோ கொடுத்தார்கள். வைத்திருக்கிறேன்.

போனில் கேட்டால் அவன் இல்லவே இல்லை.
அந்தக் கடுகளவு ஸ்பீக்கருக்குள் அவன் நுழைய மாட்டான்.
அதனால்தான் இந்த வண்டி, இந்தப் பாலம், வியாழன்தோறும்.

நாலு மாதமாய் ஒரே சண்டை.
இரண்டாம் ஆல்பம், மூன்றாம் பாட்டு.
எல்லோரும் நிறுத்துகிற இடத்தில்
அடியிலிருந்து ஒரு 'ம்ம்' எழும்.
அது பதினொன்றில் விழுகிறது என்பான் அயூப்.
பன்னிரண்டு, நோட்டுப் போட்டு எண்ணியிருக்கிறேன் என்பார் வாத்தியார்.
சில நாள் வருவதே இல்லை என்றேன் நான்.
சிரித்தார்கள்.
"ஹேமா, உனக்கு நைட் டூட்டி காது."

இன்றைக்கு டீக்காரப் பையன் காசு கேட்டு வர
மாதேஷ் பாட்டை நிறுத்தினான்.
நிறுத்திய பிறகு
'ம்ம்' வந்தது.

யாரும் பேசவில்லை.
தலைக்கு மேலே இன்னொரு லாரி
பாலத்தின் இணைப்பைத் தாண்டியது.
இன்னொரு 'ம்ம்'.
கொஞ்சம் பிந்தி. பன்னிரண்டில் என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டியை எடுத்துக்கொண்டு
அவதானப்பட்டி ஏரிக்கரைக்குப் போனோம்.
அதே பாட்டைப் போட்டான்.
அந்த இடம் வந்தது.
அங்கே ஒன்றுமில்லை.
ஏனோக் விரலைத் தூக்கி வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.
தூக்கிய விரலுக்கடியில் கம்பி மெல்ல ஆறுகிற சத்தம்
கேட்டதாக அயூப் மட்டும் சொன்னான்.
தவளைகள் எண்ணாமல் கத்தின.

"காலியா விட்டிருக்கான்யா,"
என்றான் மாதேஷ், திட்டுகிற குரலில்.
அது நன்றாயிருந்தது என்று சொல்ல
எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

வாத்தியார் நோட்டைப் பிரித்தார்,
பேனாவைத் திறந்தார், மூடினார்.
"பாலத்துக்கே போயிடலாம்பா," என்றார்.
"இங்க பாதிப் பேண்டுதான் வாசிக்குது."