எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

பெரியமேட்டில், ஸ்டேடியத்தின் பின்பக்கம்,
இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நனைய வேண்டிய
கடை என்னுடையது.
பனியனில் பெயர் ஒட்டுவேன்.
எண்ணுக்கு இருபத்தைந்து, எழுத்துக்குப் பன்னிரண்டு.
சௌகார்பேட்டையிலிருந்து வெட்டி வருகிற எழுத்துகள்
மிட்டாய் டப்பாக்களில் தனித்தனியாக இருக்கும்.
ஏ சீக்கிரம் தீர்ந்துவிடும்.
க்யூ, போன ஆட்சியில் வாங்கியது, அப்படியே கிடக்கிறது.

கார்த்திகை மழை, சனிக்கிழமை ராத்திரி.
புளியந்தோப்புப் பையன்கள் மூன்று பேர், ஒரு குடை.
போன வாரம் ஹார்ட்விக் டவுனுக்காகத்
தலையால் இரண்டு கோல் முட்டிய
கானாக்காரன் பெயர் வேண்டுமாம்.
"பேர் இன்னாடா?"
அகியம்பரா என்றான் ஒருவன்.
இல்லடா, அஜய் எம்ஃப்ரா என்றான் இன்னொருவன்.
போனை வாங்கிப் பார்த்தேன்:
ஏ ஜி ஒய் இ எம் எஃப் ஆர் ஏ.
நம்பர் இருபத்தேழு. மூன்று பனியன்.
நானூற்று முப்பத்தெட்டு.
"நானூறு வெச்சுக்கக்கா. வாயிலயே நுழையாத பேரு."

எஃப் டப்பாவில் மூன்றுதான் இருந்தது. சரியாகப் போயிற்று.
ஹீட் பிரஸ் சூடேறக் காத்திருந்தபோது
வாசல் இருட்டியது.
அவ்வளவு உயரம்.
குனிந்து உள்ளே வந்தவன்
பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்த பனியனில்
ஏ உரிந்திருந்தது. எஃப் போயே போயிருந்தது.
மிச்சத்தைப் பையன்கள் எழுத்துக்கூட்டினார்கள்.
"நீயும் அவரு ஃபேனாண்ணா?"
"என் பேர்" என்றான்.
சிரித்தார்கள்.
பாஸ்போர்ட் ஜெராக்ஸைக் காட்டினான்.
பெரியவன் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி,
ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

குவாக்கு. புதன்கிழமை பிறந்தவனுக்கு அங்கே அந்தப் பெயர்.
இருபத்தேழாம் நம்பர்க்காரன் இவனுடைய பெரியப்பா மகன்.
இங்கிலீஷில் கசின் என்று சொல்லிப் பார்த்து,
போதாமல், பிரதர் என்றான்.
எங்களுக்குப் புரிந்தது. இங்கேயும் அண்ணன்தான்.
ஒரே மைதானம், ஒரே ஏஜென்ட்.
அண்ணனுக்கு லண்டன் டிக்கெட்.
இவனுடையதில் எம்.ஏ.ஏ. என்று இருந்ததாம்.
"மான்செஸ்டர் என்று நினைத்தேன்."
மீனம்பாக்கத்தில் இறங்கி
வெயிலைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.
பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்,
அவனும்தான்.
அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.
இங்கே ஒரு கிளப். தை பிறந்தால் மலப்புரத்தில் செவன்ஸ்,
ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேச்சு.
முட்டியில் ஒரு தையல்.

"பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதுண்ணா,
நாளைக்கு எங்க டீமுக்கு வா" என்றான் குட்டிப் பையன், தீர்த்தன்.
அதை அவனுக்கு எப்படி மொழிபெயர்ப்பது?
கோல்டு, வெட்னஸ்டே என்று ஏதோ உளறினேன்.
தலையாட்டினான், புரிந்தவன்போல.

எஃப் இல்லை என்றேன்.
டப்பாக்களைத் தானே எட்டிப் பார்த்தான்.
ஓர் இ-யை எடுத்து, அதன் அடிக்காலை
இரண்டு விரலால் மறைத்துக் காட்டினான்.
அட.
தீர்த்தன் தன் எஃப்பை நீட்டினான்:
"அவருக்கு இத்த ஒட்டுக்கா."
"வேண்டாம். என் ஆட்டத்தை
யாரும் அவ்வளவு கிட்ட வந்து பார்ப்பதில்லை."
கத்தரித்தேன். கொஞ்சம் கோணல்.
ஒட்டியதும் தடவிப் பார்த்து,
"எவ்ளோ?" என்றான், மண்ணடிக்காரர் மாதிரி சுத்தமாக.
ஏ-வுக்கு மட்டும் வாங்கினேன்.

எட்டரைக்கு அங்கே ஆட்டம் தொடக்கம்.
பெரியவன் போனை எண்ணெய் டப்பாமேல் சாய்த்தான்.
ஐந்து தலை, ஒரு கண்ணாடி அளவு திரை,
அதில் பாதி நேரம் வட்டம் சுற்றியது.
இறங்கியவர்களில் இருபத்தேழு இல்லை.
"பெஞ்சுல ஒக்கார வெச்சிருக்கானுங்க" என்று
எவனோ ஒரு கோச்சைத் திட்டினார்கள்.
அப்போது கேமரா அந்தப் பக்கம் ஓடியது.
ஒரு நொடி இருக்குமா?
முழங்கால்வரை கறுப்புக் கோட்டு,
கழுத்துக்குள் இழுத்துக்கொண்ட தலை,
அக்குளில் இரண்டு கையும்.

மழை தகரத்தில் சடசடவென்று விழ,
புதுப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு
குவாக்கு சொன்னான்:
"அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே
குளிர் ஆகாது."