பாவிக்கத்தக்கது 3.24

ஓவசியர் பேரின்பத்தின் முகம் திறக்கப்
பதினொரு நிமிடம் எடுத்தது.
மூக்கு வரை வந்து நின்றுவிட்டது.
மௌஸை ஆட்டினேன். வட்டம் சுற்றியது.
வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள்,
நினைவு மலர் நூற்றைம்பது பிரதி,
அட்டையில் நீலத் தாமரை.
கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய படம்
ஒரு சுவருக்குக் காணும்.

களுவாஞ்சிகுடிக் கடையில் எனக்கு இந்த ஒரு பெட்டிதான்:
உர மானியப் படிவம், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம்,
தவணைப் பரீட்சை வினாத்தாள்,
எருமை காணவில்லை என்று பொலிசுக்கு ஒரு கடிதம்.
இரண்டு ஜீபியோடு பன்னிரண்டு வருடம்
முறைப்பாடில்லாமல் ஓடியது.
முகம் என்றால்தான் மூச்சு வாங்குகிறது.

ஷட்டரை இழுத்துவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு பல்லி முட்டை, ஓடு மட்டும்.
விசிறியில் கம்பளி போலத் தூசி.
இரண்டு குழி. நீலத்தில் ஒரு குச்சி இருந்தது.
கறுப்புக் குழி பிறந்ததிலிருந்தே வெறும் வாய்.
ஒட்டுத்தாளைப் படம் எடுத்தேன், மங்கல்;
டோர்ச் அடித்து மறுகா எடுத்தேன்.

கல்முனையில் ஹஸ்பர் அதைப் பெருப்பித்துப் பார்த்தான்.
"டீடீஆர் மூண்டு.
இப்ப ஆரும் இதக் கேக்கிறல்ல அக்கா."
ஐஸ்கிரீம் டப்பாவை மேசையில் கவிழ்த்தான்.
புதுசு எட்டு, ஒரே குச்சி, ஒன்பதாயிரத்து ஐந்நூறு,
"ஆனா உங்கட போர்ட் குழிக்கு நாலுக்கு மேல ஏற்காது எண்டு நினைக்கன்."
பழசு நாலும் நாலும், சோடி நாலாயிரம்,
ஒரு வங்கி தூக்கிப் போட்ட பெட்டிகளில் கழற்றியது,
உத்தரவாதம் அவனுடைய வாய்.
இன்னொன்று வேகம் கூடியது.
"மெதுவானதோட சேத்துப் போட்டா
அதுட நடையிலதான் நடக்கும்."
வெல்லாவெளி வீதியில்
நெல் ட்ரக்டருக்குப் பின்னால் வரும் பஸ் மாதிரி.

வங்கிக் கணக்கெல்லாம் இதுக்குள்ள கிடக்குமோ என்றேன்.
"கரண்ட் போனா எல்லாம் மறந்திரும்."
அழிதகு நினைவகம் என்று
பள்ளிப் புத்தகத்துக்கு நானே தட்டியிருக்கிறேன்.
எங்கள் பக்கம் நினைவகம் என்றால்
கல்லில் பெயர் வெட்டி வைக்கிற இடம்.
இதை ஹஸ்பரிடம் சொல்லவில்லை.
சோடியை எடுத்துக்கொண்டு காசை எண்ணிக் கொடுத்தேன்.

செருகினேன்.
மூன்று நீள விசில். திரை கறுப்பு.
வினாத்தாள் ரீச்சர் விட்டுப்போன அழிறப்பரால்
அதன் தங்கப் பற்களைத் தேய்த்தேன்.
இரு பக்கக் கொக்கியும் டக் என்று மூடும் வரை
பெருவிரலால் அமத்தினேன்,
போர்ட் முறிந்துவிடுமோ என்ற பயத்தோடு.

வந்தது.
பொருத்தியது எட்டு.
பாவிக்கத்தக்கது மூன்று தசம் இரண்டு நாலு.

போனில் ஹஸ்பர் சிரித்தான்.
"முப்பத்திரெண்டு பிட்டா? கேட்டேனே."
கேட்கவில்லை.
"அப்ப கேட்டிரிக்கணும். கொண்டாங்க,
அறுவத்திநாலு போட்டுத் தாரன்."
போடலாம்.
என் பிரின்டருக்கு அந்தப் பாஷை தெரியாது,
தெரியவைக்கும் கம்பனி அதைக் கைவிட்டு வருடங்கள் ஆகிறது.
பெட்டிக்கு எட்டும் தெரிந்து
தாளில் ஒன்றும் விழாமல் இருந்து என்ன.
ஒரு குச்சியைக் கழற்றிப் பார்த்தேன்.
அதே மூன்று தசம் இரண்டு நாலு.

ஓவசியர் நாற்பது விநாடியில் வந்தார்.
திருநீறு, நெற்றி, நின்ற மூக்கு,
அதற்குக் கீழே இதுவரை நான் காணாத மீசை,
பையில் குத்திய இரண்டு பேனை,
இடது தோளில் யாரோ ஒருவரின் கை.
வெட்டு என்று மகன் சொல்லவில்லை,
விடு என்றும் சொல்லவில்லை.
விட்டேன்.
நூற்றைம்பதும் விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தது.

சனிக்கிழமை ஹஸ்பர் குச்சியைத் திருப்பி எடுத்து
ஆயிரத்து ஐந்நூறு தந்தான்.
மிச்ச ஐந்நூறு?
"நான் கேக்காததுக்கும் நீங்க சொல்லாததுக்கும்."
பழைய இரண்டு ஜீபியை அவன் விசாரிக்கவே இல்லை.
லாச்சியில், குண்டூசி டப்பாவுக்குள்,
அது கிடக்கிறது.